அந்தரத்தில் நிற்கும் அதிசயச் சிட்டு!

ஈக்வடாரின் தலைநகர் கீட்டோ, 2,850 மீட்டர் உயரத்தில் பிச்சின்ச்சா எரிமலையின் மடியில் இருக்கிறது. அங்கிருந்து சுமார் ஒரு மணி நேரம் மலைப்பாதையில் ஏறினால் யானகோச்சா காடு. மேகம் தவழும் குளிர்ந்த காடு. கொஞ்சம் வேகமாக நடந்தாலும் மூச்சு வாங்கும். பறவைப் பிரியர்கள் இங்கே ஏறி வருவது ஹம்மிங்பேர்டுகளைப் பார்க்கத்தான்.

'நம் வீட்டுச் செம்பருத்திக்கே வருகிறதே!' என்று நினைக்கலாம். அது தேன்சிட்டு; வேறு குடும்பம். ஹம்மிங்பேர்டு அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. ஈக்வடாரில் மட்டும் சுமார் 130 வகைகள்.

இதன் தோள்மூட்டு நன்றாகச் சுழலும். இறக்கைகள் படுத்துக்கிடக்கும் 8 போல முன்னும் பின்னும் வீசும். பின்னால் போகும்போது மல்லாந்துகொள்ளும். உடல் எடையில் முக்கால் பங்கை முன்வீச்சும், கால் பங்கைப் பின்வீச்சும் தாங்குகின்றன. அதனால்தான் அந்தரத்தில் அப்படியே நிற்கிறது, பின்னோக்கியும் பறக்கிறது. சிறிய வகைகள் நொடிக்கு 50 முறைக்கு மேல் இறக்கை அடிக்கும். நாம் கேட்கும் ரீங்காரம் அதுதான்.

யானகோச்சாவின் நாயகன், வாள் போன்ற அலகுள்ள ஹம்மிங்பேர்டு. வால் நீங்கலாக, உடலைவிட அலகு நீளமான பறவை உலகிலேயே இது ஒன்றுதான். நீளக் குழல்போலத் தொங்கும் பூக்களின் அடியில் இருக்கும் தேன் இதற்கு எட்டும். ஆனால், அந்த அலகால் இறகைக் கோத முடியாது. காலால் சொறிந்துதான் சுத்தம் செய்துகொள்ளும்!

இப்படிப் பறக்க ஏராளமான சக்தி வேண்டும். இதயம் நிமிடத்துக்கு 1,000 முறைக்கு மேல் துடிக்கும். இரவில் தேனும் இல்லை, குளிரோ கடுமை. அதனால் பல வகைகள் உடல் சூட்டைக் குறைத்துக்கொண்டு ஜடம்போலக் கிடக்கும். பெரு நாட்டு ஆண்டிஸ் மலையில் ஒரு வகையின் உடல் வெப்பம் சுமார் 3 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது பதிவாகியிருக்கிறது. விடியும் நேரத்தில் நடுங்கி நடுங்கிச் சூடேறி, முதல் பூவைத் தேடிக் கிளம்பிவிடும்.

அந்தப் பூ அங்கே இருக்க வேண்டுமே! கரிக்காகவும், உருளைக்கிழங்கு வயலுக்காகவும், மேய்ச்சலுக்காகவும் பிச்சின்ச்சா சரிவுகளில் காடு அழிந்தது. கால்களில் பஞ்சு உருண்டைபோல வெள்ளை இறகுகள் கொண்ட, கருப்பு மார்புள்ள ஹம்மிங்பேர்டு ஒன்று அதனால் அழிவின் விளிம்புக்குப் போனது. மிஞ்சியிருப்பவை சில நூறுதான். அதற்காகவே 2001-ல் யானகோச்சா காப்பகம் உருவானது. 2005-ல் கீட்டோ நகரம் அதைத் தன் அடையாளப் பறவையாக அறிவித்தது.

காப்பகத்துக்குப் போகிறவர்கள் கண்ணில் அது படுவது அபூர்வம். படாவிட்டாலும், அது நாளை காலை தேடி வரும் பூக்களுக்கு நடுவேதான் அவர்கள் நடந்து திரும்புகிறார்கள்.