மூடிப்போன பக்கங்கள்

மழை பெய்தால் கரண்ட் போகும் என்பது கொத்மலைப் பிள்ளைகளுக்குப் புதுச் செய்தியல்ல. 2022 மார்ச் இறுதியிலோ நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நாடு முழுவதும் மின்வெட்டு இருந்தது. கொம்பியூட்டர் சட்டென்று அணைந்தால் மனதில் எழும் முதல் கேள்வி ஒன்றுதான்: திறந்து வைத்திருந்த பக்கங்கள் என்னாகும்?

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. எந்தெந்தப் பக்கங்கள் திறந்திருக்கின்றன என்பதை இணைய மேலோடி சத்தமில்லாமல் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கிறது. பயர்பொக்ஸ் 15 செக்கனுக்கு ஒருமுறை எழுதும். குரோமில் கொன்ட்ரோல், ஷிஃப்ட் விசைகளை அழுத்தியபடி டி விசையைத் தட்டினால் கடைசியாக மூடிய டெப் திரும்பி வரும். மறுபடி தட்டினால் அதற்கு முந்தியது வரும். பயர்பொக்ஸிலே வரலாற்றுப் பட்டியலுக்குள் முந்தைய அமர்வை அப்படியே மீட்கும் வழி உண்டு. அதுவும் கைகொடுக்காவிட்டால் குரோமின் வரலாற்றில் 90 நாட்களுக்குள் பார்த்த பக்கங்களைத் தேடலாம்.

ஆனால், எழுதி வைக்கப்பட்டதுதான் மீளும். இன்கொக்னிட்டோ ஜன்னலை மூடினால் அந்தத் தேடல் வரலாற்றில் இருக்காது. நான் இணையம் பார்க்கப் போகும் இடத்தில் பலரும் ஒரே கொம்பியூட்டரைப் பாவிக்கிறோம். ஒருவர் எழும்பியதும் அவர் பார்த்ததெல்லாம் அழிந்துவிடும். அது நல்ல ஏற்பாடுதான். என் தேடலை அடுத்தவர் பார்க்க வேண்டியதில்லையே. இன்னொன்று, டெப் மீண்டு வந்தாலும் அது சுமந்து வருவது பக்கத்தின் முகவரியைத்தான். அந்தப் பக்கத்தை உரியவர்களே நீக்கியிருந்தால், 2001இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட வேபேக் மெஷினில் பழைய பிரதி கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கும் எல்லாம் கிடைப்பதில்லை.

உயர்தரச் செயற்றிட்டத்துக்காக நான் தேடியது எங்கள் ஊர்க் கதையைத்தான். 1990களின் இறுதியில், யுனெஸ்கோவின் உதவியுடன் கொத்மலைச் சமுதாய வானொலிக்கு இணைய இணைப்புக் கிடைத்தது. வீட்டில் கொம்பியூட்டர் என்பதே அரிதாக இருந்த காலம் அது. நேயர்கள் கடிதத்திலும் தொலைபேசியிலும் கேள்வி கேட்பார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, கிடைத்ததை எல்லோருக்கும் விளங்கும் மொழியில் வானொலியிலேயே சொல்வார். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் மக்கள் பாவிக்க இணைய வசதி செய்யப்பட்டது. ஒருவர் திறந்த பக்கத்தை ஊரே காதால் வாசித்தது. இந்த முயற்சியைப் பற்றி வெளிநாட்டு ஆய்வாளர்கள்கூட எழுதினார்கள்.

அந்த நாட்களில் திறந்த பக்கங்களை எந்த விசையைத் தட்டி மீட்பது? திட்டத்தைப் பற்றிய அறிக்கைகள் எனக்குக் கிடைத்தன. எங்கள் ஊரவர் என்ன கேட்டார்கள், என்ன கேட்டுத் தெளிந்தார்கள் என்பது அவற்றில் போதுமான அளவு இல்லை.

அது கிடைத்தது உம்மும்மாவின் அலுமாரியில், ஒரு பழைய சீ.ஆர். கொப்பியில். சிங்களத்தில் கேட்டதை அவர் தமிழில் குறித்து வைத்திருக்கிறார். நீரிழிவுக்காரர் எவற்றைக் குறைத்துச் சாப்பிட வேண்டும் என்று யாரோ கேட்ட கேள்வி, வானொலி சொன்ன விடை, பக்கத்தில் திகதி. ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன். “சொல்றது காத்தோட போயிடும் மகள். எழுதினா நிக்கும்” என்றார்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. மேலோடி காப்பாற்றும் என்று நம்பலாம்; ஆனாலும் இப்போது ஒவ்வொரு பக்கத்துக்கும் அதன் தலைப்பு, முகவரி, பார்த்த திகதி, நான் விளங்கிக்கொண்டது ஒரு வரி என்று கொப்பியில் எழுதிவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்கிறேன். செயற்றிட்டத்தின் பின்னிணைப்பில் அறிக்கைகளின் பிரதிகளோடு உம்மும்மாவின் கொப்பியிலிருந்து இரண்டு பக்கங்களையும் படியெடுத்துச் சேர்த்திருக்கிறேன்.