200 மில்லிமீட்டர் கூச்சம்

ஒரே லென்ஸில் ஊர் உலகத்தையே அள்ளிவிடலாம் என்று நம்பி 18,000 ரூபாயை விட்டவன் நான். விட்ட இடம் சென்னையில் ஒரு கடை. விட்டேன் என்று புரிந்த இடம் நாகலூர்.

என்னிடம் இருந்தது கேனான் 700டி. வாங்கும்போது கூடவே வந்த 18-55 லென்ஸை நான் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. பிளாஸ்டிக் உடம்பு, 205 கிராம் எடை. கழுத்தில் மாட்டினால் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டாமா? மலையும் வேண்டும், மரத்தில் உட்கார்ந்த குருவியும் வேண்டும், நடுவழியில் லென்ஸ் கழற்றி மாட்டும் வேலையும் கூடாது. அப்படித்தான் செகண்ட் ஹேண்டில் ஒரு 18-200 வந்து சேர்ந்தது. முன்னும் பின்னும் திருகினேன், நீண்டது, சுருங்கியது. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். கண்ணாடிக்குள் டார்ச் அடித்துப் பார்க்கும் புத்தி அன்றைக்கு வரவில்லை.

நாகலூரில் சித்தப்பாவுக்கு இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏற்காட்டில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். நான் போனது மார்கழியில், பழம் பறிக்கிற சமயம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறி நிற்கும். அந்த நிழலுக்குக் கீழே காப்பிச் செடி. செடிக்கு நடுவே மூடுபனி. காலை ஒன்பது மணிக்கும் விடிந்தும் விடியாத வெளிச்சம்தான்.

பறிக்கும் பெண்கள் சரிவில் இருந்தார்கள். நான் மேட்டில், அறுபதடி தள்ளி நின்றுகொண்டு 200-க்கு இழுத்து இழுத்து எடுத்தேன். எடுத்த படமெல்லாம் நீர்மோரில் விழுந்த மாதிரி இருந்தது. லென்ஸ்காரன் ஏமாற்றிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். லென்ஸ் என்ன செய்யும்? எனக்கும் அந்தப் பெண்களுக்கும் நடுவே அறுபதடிப் பனி இருந்தது. ஜூம் ஆளைப் பெரிதாக்குமே தவிர நடுவில் இருக்கிற பனியை விலக்காது. பனியில் எட்டப்போன ஒவ்வொரு அடிக்கும் படம் ஒரு சுற்று வெளுக்கும்.

வெளிச்சத்திலும் இடித்தது. 200-இல் அந்த லென்ஸ் 5.6-க்கு மேல் கண் திறக்காது. ஷட்டர் நொடியில் முப்பதில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது. ஆட்டம் தடுக்கும் வசதி உண்டே என்று நிம்மதியாக இருந்தேன். அது என் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். பறிக்கிற கையின் வேகத்தை அது என்ன செய்யும்? செடி பளிச்சென்று விழுந்தது, விரல்கள் மட்டும் தேய்ந்துபோயிருந்தன.

அப்போதுதான் கீழேயிருந்து ஒரு பாட்டி குரல் கொடுத்தார். “ஏந் தம்பி, எந்நேரமா அங்கியே நின்னுக்கிட்டு எங்களப் பாத்துக்கிட்டிருப்ப? கிட்டத்தான் வாயேன், கடிச்சா வெச்சிருவோம்?”

சிரிப்புச் சத்தம் சரிவு முழுக்கப் போனது. எனக்குக் காது சுட்டது. ஒருவரிடம் போய், “ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?” என்று கேட்க எனக்கு வாய் வராது. கேட்காமலே எடுக்கத்தான் 200. அந்த 18,000 ரூபாயில் பெரும்பங்கு என் கூச்சத்துக்குக் கொடுத்த கூலி.

இறங்கிப் போனேன். பாட்டி பழத்தைப் பிடித்து இழுக்கவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து லேசாகத் திருகினார். சிவந்தது மட்டும் கழன்றது, பச்சை கொத்திலேயே நின்றது. நசுங்கிய பழத்தின் பிசின் விரலில் பளபளத்தது. அதை எடுக்கக் குனிந்தேன். 45 சென்டிமீட்டருக்குள் என் லென்ஸுக்குப் பார்வை இல்லை. கர்ரென்று முனகித் தேடியது. அரைக் கிலோவுக்கு மேல் கனம், குனிந்த வாக்கில் குழல் தானாக நீண்டு கூடையில் இடித்தது. நீளாமல் பூட்ட ஒரு பொத்தான் உண்டு. அதை ஞாபகமாகப் போட நான் வேறு ஆளாகப் பிறந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பழைய படங்களைக் கிளறினேன். எந்த மில்லிமீட்டரில் எடுத்தோம் என்பது ஒவ்வொரு படத்துக்குள்ளும் பதிவாகியிருக்கும். நோட்டுப் போட்டு எண்ணினேன். எனக்குப் பிடித்து வைத்துக்கொண்டவற்றில் பெரும்பாலானவை 18-க்கும் 35-க்கும் நடுவே. 200-இல் எடுத்தவற்றில் குரங்குகள், அப்புறம் என்னைக் கவனிக்காத மனிதர்கள். லென்ஸ் வாங்கப்போகிறவர்கள் கடைக்குப் போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். செலவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் சித்தி வீட்டு அலமாரியில் பையோடு மறந்து வைத்ததில் உள்ளே சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை ஓடிவிட்டது. வாங்கும்போதே இருந்ததா, நான் வளர்த்ததா, தெரியாது. டார்ச் அடிக்காதவன் யார் மேல் பழி போடுவது? வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். இப்போதெல்லாம் லென்ஸ் இருப்பது முறுக்கு டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு. நீல மணிகள் வெளிறி இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டும்.

50 மில்லிமீட்டர் 1.8-ஐ வாங்கு என்றார்கள் எல்லாரும். நண்பனிடம் இரவல் வாங்கிப் போனேன். 700டி-யின் சின்ன சென்சாரில் அது 80 மாதிரி வேலை செய்யும். சித்தியின் சமையலறையில் முதுகு சுவரில் முட்டியும் சித்தியின் முகம் மட்டுமே விழுந்தது. அடுப்பு எங்கே, காப்பி எங்கே? கடைசியில் 24 மில்லிமீட்டர் 2.8. எடை 125 கிராம், கனத்த அதிரசம் போல ஒரு வட்டம். 16 சென்டிமீட்டர் வரை கிட்டப் போகலாம். 5.6-ஐவிட நாலு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும், பறிக்கிற விரல் நிற்கும். பழைய 18-55-க்கும் பையில் மரியாதையான இடம் கொடுத்திருக்கிறேன். அதுவே போதும் என்றிருப்பவர்கள் எதையும் வாங்க வேண்டாம். குருவிப் பைத்தியம் என்றால் 55-250 தனியாக வாங்கலாம்; 375 கிராம்தான்.

போன தை மாதம் காப்பிக் களத்தின் ஓரத்துக்குக் காட்டெருமை ஒன்று வந்தது. கிட்டப் போ என்ற பாட்டியின் பேச்சு இதற்குப் பொருந்தாது. திண்ணையை விட்டு நகராமல் 24-இல் ஒன்றே ஒன்று எடுத்தேன். சாயங்காலம் சித்தியிடம் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“களத்துக்குப் பொறத்தால பாறை எப்படா வந்துச்சு?” என்றார்.