அழித்தாலும் அழியாத கணக்கு

வேண்டாத சாமானை நம்மில் யாராவது உடனே தெருவில் எறிகிறோமா, சொல்லுங்கள்? முதலில் அது கூடத்திலிருந்து பரணுக்குப் போகும். வீட்டார் அத்தனை பேரும் அது ஒழிந்ததாகவே நினைத்துக்கொள்வார்கள். போகிப் பண்டிகைக்குப் பரணைத் துப்புரவு செய்கிறோமே, அன்றைக்குத்தான் அது மெய்யாகவே வீட்டை விட்டுப் போகும். நடுவில் அவசியம் வந்தால் ஏணி வைத்து இறக்கிக்கொள்ளலாம்.

இந்தப் பரண் நியாயத்தை அறிந்த கம்ப்யூட்டர் பாஷை ஒன்று உண்டு. அதன் பெயர் விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ. ஒரு கணக்கு வரியைக் காட்டி 'டிலீட்' என்று உத்தரவு போட்டால், அது வரியை அழிக்காது. பக்கத்தில் ஓர் அடையாளம் மட்டும் வைத்துவிட்டுச் சும்மா இருக்கும். 'ரீகால்' என்றால் அடையாளம் போய்விடும். வரி பழையபடி பிழைத்துக்கொள்ளும். 'பேக்' என்று சொன்னால்தான் போகி!

"கம்ப்யூட்டர் சமாசாரமா? தொடர்கதை எந்தப் பக்கம்?" என்று அவசரப்படும் சகோதரிகளே, கொஞ்சம் பொறுங்கள். இருபது வருஷத்துக்கு மேல் எனக்குச் சோறு போட்ட பாஷை இது.

இதன் பூர்வோத்தரம் வேடிக்கையானது. 1978-ஆம் வருஷம் அமெரிக்காவில் வேன் ராட்லிஃப் என்பவர், ஆபீஸ் நண்பர்களின் கால்பந்துப் பந்தயத்தில் ஜெயிக்க வேண்டும் என்பதற்காகத் தம் வீட்டுக் கம்ப்யூட்டரில் விவரங்களை அடுக்கி வைக்க ஒரு வழி தேடினார். அதிலிருந்து பிறந்ததுதான் 'டிபேஸ்'. அதே வழியில், அதைவிட வேகமாக, ஓஹையோ மாநிலத்துப் பெரிஸ்பர்க் என்ற சிறு ஊரில் ஃபாக்ஸ் ஸாஃப்ட்வேர் கம்பெனி 'ஃபாக்ஸ்ப்ரோ'வைச் செய்தது. 1992-இல் மைக்ரோஸாஃப்ட் அந்தக் கம்பெனியை வாங்கியது. 1995-இல் பெயருக்கு முன்னால் 'விஷுவல்' சேர்ந்தது. அத்துடன் ஒரு புதிய வித்தையும் சேர்ந்தது.

வித்தை என்ன என்றால், தாய் மகள் உறவு! நான் வேலை பார்த்தது சென்னையில் ஒரு மொத்த மருந்து வியாபாரியிடம். கொள்முதல், விற்பனை, திரும்பி வந்த சரக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம் வேண்டும். எல்லாவற்றிலும் கடைப் பெயர், தேதி, வரிக் கணக்கு ஆகியவை பொது. ஆகவே பொதுவானவற்றை வைத்து ஒரே ஒரு தாய்ப் படிவம் செய்தேன். மற்றவை அதன் மகள்கள். அம்மாவின் லட்சணங்கள் தாமாகவே வந்துவிடும். அவரவர் நகையை அவரவர் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான். 2007 ஜனவரி முதல் தேதி தமிழ்நாட்டில் பழைய விற்பனை வரி போய் 'வாட்' வந்தபோது, தாயை மட்டும் திருத்தினேன். மகள்கள் எல்லாரும் மறுபேச்சில்லாமல் திருந்திவிட்டார்கள். வீட்டில் இப்படி நடக்குமா?

ஆனால் அந்தப் பாஷையின் அருமையை எனக்கு உணர்த்தியது தாயும் அல்ல, மகளும் அல்ல, பரண்தான்.

2006-இல் ஒரு நாள் நடுப்பகலில் ஓர் அம்மாள், இரண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுடன் வந்து நின்றாள். புறநகரில் மருந்துக் கடை வைத்திருந்த அவள் கணவர் காலமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. கடையும் மூடியாகிவிட்டது.

"உங்களிடம் ஏதோ முன்பணம் கட்டியிருப்பதாக அவர் சொல்லிக்கொண்டிருப்பார், ஐயா. எவ்வளவு என்று தெரியாது. பிள்ளைகளுக்குப் பள்ளிச் சம்பளம் கட்ட வேண்டும்" என்றாள்.

"ரசீது இருக்கிறதா அம்மா?" என்றார் முதலாளி.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மூடிய கடைகளின் பெயருக்கு 'டிலீட்' அடையாளம் போடுவது எங்கள் வழக்கம். 'பேக்' மட்டும் செய்வதில்லை என்று நான் ஆரம்பத்திலேயே விதி வைத்திருந்தேன். அடையாளம் போட்டவற்றையும் காட்டச் சொல்லித் தேடினேன். திரையில் வந்து நின்றது: 1999-இல் கட்டிய முன்பணம் 15,000 ரூபாய். பாக்கி 2,140.

"ரீகால்" என்று தட்டினேன். முதலாளி எட்டிப் பார்த்தார். "கணக்குப் பேசிவிட்டது. இனி நான் பேச என்ன இருக்கிறது?" என்று 12,860 ரூபாய்க்குச் செக் எழுதினார். அவள் என் பக்கம் திரும்பி ஒன்றும் சொல்லவில்லை. சின்னப் பெண் மட்டும் அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறு வருஷம், 2007 மார்ச் மாதத்தில், இனி இந்தப் பாஷைக்கு அடுத்த பதிப்புக் கிடையாது என்று மைக்ரோஸாஃப்ட் அறிவித்தது. 2004-இல் வந்த ஒன்பதாம் பதிப்பே கடைசி. 2015 ஜனவரியோடு ஆதரவும் நின்றது. "உன் பாஷை செத்துப்போச்சாமே?" என்று சொந்தக்காரர்கள் துக்கம் விசாரித்தார்கள். செத்த பாஷையோ தினம் காலையில் பில் போட்டுக்கொண்டிருந்தது! பெற்றவர்கள் 'டிலீட்' அடையாளம்தான் போட்டார்கள். 'பேக்' செய்வது அவர்கள் கையில் இல்லை.

இருந்தாலும் மாறத்தானே வேண்டும்? 2019-இல் புதிய மென்பொருள் அமைக்க ஓர் இளைஞர் வந்தார். "பழைய ஃபைல் எல்லாம் எதற்கு, மேடம்? புதிதாகத் தொடங்கிவிடலாமே" என்றார்.

"பாத்திரத்தை மாற்றுங்கள், தம்பி. அரிசியைக் கொட்டாதீர்கள்" என்றேன்.

ஃபாக்ஸ்ப்ரோவின் கணக்கு ஃபைல் ஒவ்வொன்றும் தன் தலைப்பிலேயே, எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது, எத்தனை எழுத்து அகலம் என்று எழுதி வைத்திருக்கும். தாய் பாஷை கைவிட்டாலும் வேறு மென்பொருள்கள் அதைப் படிக்க முடியும். இரண்டே நாளில் அத்தனை வருஷத்துக் கணக்கும் புது வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. அடையாளம் போட்ட வரிகளும் அடையாளத்துடனேயே வந்து சேர்ந்தன.

வேலை முடிந்ததற்கு நான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. புதிய திரையில் அழிப்பதற்கு ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது.

"தம்பி, இதை அமுக்கினால் கணக்குத் தெருவுக்குப் போகுமா, பரணுக்குப் போகுமா?" என்று கேட்டேன்.

அவர் விழித்தார். விளக்கிச் சொன்னேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஏதோ திருத்தினார்.

"இப்போது பரணுக்குத்தான், மேடம்" என்றார்.

அதற்கப்புறமே பேனாவைத் திறந்தேன்.