ராஜரத்தினம் கேட்ட மத்திமம்

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில் ஆடுதுறையைத் தாண்டினால் நரசிங்கம்பேட்டை. அதை அடுத்துத் திருவாவடுதுறை. முதல் ஊரில் நாகஸ்வரம் கடைகிறவர்கள். இரண்டாவது ஊரில் ஆதீன மடமும் அதன் வித்வான்களும். செய்கிறவரும் வாசிக்கிறவரும் இப்படி அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களாக வாய்த்திராவிட்டால், இன்று கல்யாண மேடையில் நாம் கேட்கிற நாகஸ்வரம் இந்தக் குரலில் இருந்திருக்காது.

நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை (1898–1956) எல்லோருக்கும் தெரியும். கிராப்பு வெட்டிக்கொண்டு ஷெர்வானி போட்டவர், சுருதிக்கு ஊதும் ஒத்துக்குப் பதில் தம்புராவை மேடையேற்றியவர், 1947 ஆகஸ்ட்டில் ஆதீனத்தின் செங்கோலோடு டெல்லிக்குப் போய் வாசித்தவர், 'காளமேகம்' படத்தில் நடித்தவர். அவருடைய தோடி ராகத்தைப் பற்றிப் பேசாத ரசிகர் கிடையாது. அந்தத் தோடிக்குக் கருவி செய்து கொடுத்த நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரியின் பேர், நாகஸ்வரக்காரர்கள் வட்டத்துக்கு வெளியே அநேகமாக யாருக்கும் எட்டவில்லை.

ஆச்சாரிக்கு வந்த வேலை லேசானதல்ல. அதுவரை வாசித்துவந்தது திமிரி நாகஸ்வரம். உயரம் குறைச்சல், சுருதி உச்சம். சுவாமி புறப்பாட்டில் நாலு வீதிக்கும் கேட்க வேண்டிய வாத்தியத்துக்கு அந்தக் கூர்மை பொருத்தம்தான். ஆனால் கச்சேரி மேடையும் மைக்கும் வந்த பிறகு ராஜரத்தினத்துக்கு வேறு குரல் தேவைப்பட்டது. இன்னொரு சங்கடமும் இருந்தது. பழைய கருவியில் சுத்த மத்திம ஸ்வரம் கொஞ்சம் தூக்கலாகவே நிற்கும். மூச்சாலும் உதட்டாலும் அடக்கித்தான் அதை அதன் இடத்தில் உட்கார வைக்க வேண்டும். தோடியோ சுத்த மத்திம ராகம். மணிக்கணக்கில் அதிலேயே திளைக்கிற ஒரு மனிதருக்கு இது எப்பேர்ப்பட்ட தொல்லை என்று சொல்ல வேண்டியதில்லை.

குழலை நீட்டினால் சுருதி இறங்கும். இது யாருக்கும் தெரியும். நீட்டிய பிறகுதான் வினையே. நாகஸ்வரத்தின் உள்துளை மேலே ஒடுங்கிக் கீழே அகன்று வருவது. நீளத்தை மாற்றினால் அந்தச் சரிவு மாற வேண்டும். சரிவு மாறினால் ஏழு விரல் துளைகளும் இடம் பெயர வேண்டும். கணக்குப்படி பெயர்த்துக்கொண்டே போனால் விரல் எட்டாது. வித்வானின் கையை நீட்ட முடியாதே! எங்கே துளையைக் கொஞ்சம் அகட்டுவது, எங்கே ஒடுக்குவது, உள்ளே எந்த இடத்தில் மயிரிழை சுரண்டுவது என்று ஆச்சாரியும் பிள்ளையும் மாற்றி மாற்றிப் பார்த்து உருவாக்கியதுதான் பாரி நாகஸ்வரம். மூன்றடிக்குச் சற்றே குறைந்த நீளம், இறங்கிய சுருதி, இடத்தில் நிற்கிற மத்திமம். காகிதத்தில் வரைந்து செய்த வேலையல்ல இது. செய், ஊது, கேள், திருத்து, மறுபடியும் ஊது. மரத்தில் ஒரு தடவை கூடுதலாகச் சுரண்டிவிட்டால் திருப்பி ஒட்ட முடியாது. அந்த உருப்படியை மூலையில் சாத்திவிட்டு அடுத்த கட்டையை எடுக்க வேண்டியதுதான்.

கட்டை என்றால் எந்தக் கட்டையும் அல்ல. உலவு எனப்படும் குழலுக்கு ஆச்சா மரம். அதுவும் பல பத்தாண்டு காய்ந்த மரம். டெல்டாவின் பழைய ஓட்டு வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்திரமும் தூணும்தான் இவர்களுக்குச் சுரங்கம். ஈரம் துளி மிச்சமிருந்தாலும் துளை போட்ட பிறகு மரம் முறுக்கிக்கொள்ளும், சுருதி ஓடிவிடும். கீழே பூப்போல விரிகிற அணசுக்கு வாகை. மேலே செருகுகிற சீவாளி காவிரிக் கரைக் கொருக்கைத் தட்டையில் ஆவது. அது தனித் தொழில், அதற்குத் தனிக் குடும்பங்கள்.

குடும்பம் என்ற சொல்லை இந்தத் தொழிலிலிருந்து பிரிக்க முடியாது. நரசிங்கம்பேட்டையில் வீடும் பட்டறையும் ஒரே கூரைக்குள்தான். மோட்டார் வருவதற்கு முன் கடைசலுக்குக் கயிறு இழுக்க ஓர் ஆள் வேண்டும். வீட்டுப் பையன்தான் அந்த ஆள். கயிறு இழுத்துக்கொண்டே மரம் எப்போது கத்துகிறது, எப்போது வழவழவென்று போகிறது என்று காது பழகும். உளி கைக்கு வருவது அப்புறம். ரங்கநாதன் ஆச்சாரியின் தொழிலும் அப்படியே மகனிடம் போய்ச் சேர்ந்தது. வீட்டில் சோறு போட்டதும் அதே மரத்தூள்தான். கச்சேரிப் பணத்தைத் தண்ணீராய்ச் செலவழித்துவிட்டுப் போன மேதை ராஜரத்தினத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்த இன்னொரு வாழ்க்கையின் நிதானம் கவர்கிறது.

நாகஸ்வரம் சினிமாவுக்கு வந்தபோதும் இதே கதைதான். ராஜரத்தினத்தின் சீடர் காருகுறிச்சி அருணாசலம் 1962-இல் 'கொஞ்சும் சலங்கை' படத்துக்கு வாசித்தார். 1968-இல் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது. சிவாஜிக்காக வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். நடித்தவர், ஊதியவர் எல்லோருக்கும் கைதட்டல் கிடைத்தது, நியாயமாகவே. குழலைக் கடைந்தவர் யார் என்று எந்தக் கொட்டகையிலும் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குக் கிடைத்த மரியாதை என்றாலும் அதில் பாதி ஆச்சாரிக்குச் சேர வேண்டியது. குறியீடு வந்து என்ன, கடைகிற குடும்பங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டன. நல்ல மரமும் அரிது. டெல்டாவில் தாத்தா காலத்து வீட்டை இடித்துக் கட்டப்போகிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். உத்திரம் ஆச்சாவாக இருந்தால் விறகுக்கடைக்குத் தள்ளிவிடாமல், முதலில் நரசிங்கம்பேட்டைக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.