சருகுக்குத் தீ வைக்காத தோப்பு

"மழைக்காட்டைக் காப்பாத்துங்க, காப்பாத்துங்கன்னு சொல்றாங்களே, அதுக்கும் என்ற நாலு ஏக்கர் தோப்புக்கும் என்னங்க சம்பந்தம்?"

வால்பாறைக்குப் பட்டறிவுப் பயணம் கிளம்பிய வேனில் ஏறும்போதே அந்த விவசாயி இப்படித்தான் கேட்டார். வயது 62. பொள்ளாச்சி வட்டாரத்தில், பி.ஏ.பி. வாய்க்காலின் கடைமடையில் தோப்பு. தென்னைக்கு நடுவே கோகோ, மரங்களில் மிளகுக்கொடி, கிணற்றோரம் பத்துப் பன்னிரண்டு ஜாதிக்காய் மரங்கள். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த கோடையில் போர்வெல் காற்றைத்தான் இறைத்தது. லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றியும் 40 தென்னைகள் கொண்டை சாய்ந்தன. அன்றிலிருந்து காலையில் நாளிதழைப் பிரித்தால் ஆழியாறு அணையின் நீர்மட்டத்தைத்தான் முதலில் பார்ப்பார். 120 அடியில் எத்தனை அடி இருக்கிறது என்பதில்தான் அந்த வருடத்துச் சாப்பாடே இருக்கிறது.

இன்னொரு கவலையும் இருந்தது. கோகோவில் பூ கொட்டிக் கிடக்கும், காய் மட்டும் நிற்காது. உரம் வைத்தார், நுண்ணூட்டம் தெளித்தார், பலன் இல்லை. 'தோப்பை வித்துட்டு வந்துருங்க அப்பா' என்று திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லிக்கொண்டிருந்தான்.

பச்சையெல்லாம் காடு இல்லை

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் வேன் நின்றது. கீழே ஆழியாறு அணை ஒரு தாம்பாளம் மாதிரி தெரிந்தது. அணைக்கரையில் நின்று எத்தனையோ முறை தண்ணீரைப் பார்த்தவர், இப்போதுதான் அதை மேலிருந்து பார்த்தார். அணை சிறியதாகத் தெரிந்தது. சுற்றி நின்ற மலைதான் பெரியதாக இருந்தது.

வால்பாறை அவருக்குப் புதிதல்ல. பத்துத் தடவையாவது வந்திருக்கிறார். கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாக இருந்ததெல்லாம் காடு என்றே நினைத்திருந்தார். நாற்றங்காலைச் சுற்றிக் காட்ட வந்த இளைஞர், எஸ்டேட் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஐயா, அது தேயிலை. ஒரே செடி. காடுன்னா அதோ, மலை இடுக்குல கருகருன்னு தெரியுதே, அதுதான்."

சுமார் 130 ஆண்டுகளுக்கு முன் காப்பிக்கும் தேயிலைக்கும் இந்த மலையில் காடு வெட்டப்பட்டது. வெட்டாமல் விட்ட துண்டுகள் தோட்டங்களுக்கு நடுவே தீவுகளாக மிஞ்சின. சிங்கவால் குரங்கும் இருவாட்சிப் பறவையும் இன்றைக்கும் அந்தத் துண்டுகளில் வாழ்கின்றன. தேயிலை ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோறு. அதைப் பிடுங்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சிதைந்துபோய் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கும் காட்டுத் துண்டுகளை மீட்பதுதான் இங்கே நடக்கும் வேலை. திவ்யா முடப்பா, டி.ஆர்.சங்கர் ராமன் ஆகியோர் நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் மூலம் தோட்ட நிறுவனங்களோடு சேர்ந்து 20 ஆண்டுகளுக்கும் மேலாக இதைச் செய்து வருகிறார்கள்.

சாலையோரம் விழுந்து கிடக்கும் விதைகளைப் பொறுக்கி வந்து பையில் முளைக்க வைக்கிறார்கள். வெடிப்பலா, கருங்குங்கிலியம், நாங்கு, சந்தனவேம்பு என்று பல வகைகள். களையை அகற்றிவிட்டு, தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் கலந்து நடுகிறார்கள். சும்மா விட்ட இடத்தைவிட இப்படி நட்ட இடத்தில் காடு வேகமாகத் திரும்புகிறது என்பது அளந்து பார்த்துச் சொல்லப்பட்ட முடிவு.

"தேக்கு, சில்வர் ஓக்குன்னு ஒரே மரமா நட்டா சுலபமில்லீங்களா தம்பி?"

"நிழல் கிடைக்கும் ஐயா, காடு கிடைக்காது. இருவாட்சிக்குப் பழம் வேணும். அது தின்னுட்டுப் போய்ப் போடுற விதையிலதான் அடுத்த மரம் வரும். பழமரம் இல்லைன்னா பறவை இல்லை. பறவை இல்லைன்னா பல மரத்துக்கு விதைக்க ஆள் இல்லை."

ஒரு கைப்பிடிச் சருகு

முதல் நாள் நல்ல மழை. தோட்டத்துப் பாதையோர வடிகாலில் தண்ணீர் செந்நிறமாக ஓடியது. இருபது நிமிடம் நடந்து காட்டுக்குள் போனதும் ஒரு ஓடை. அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும் அளவுக்குத் தெளிவு. இளைஞர் குனிந்து சருகை விலக்கினார். மேலே காய்ந்த இலை, கீழே பாதி மக்கியது, அதற்கும் கீழே வெள்ளைப் பூஞ்சை இழை, பிறகு கறுப்பு மண். விவசாயி ஒரு பிடி அள்ளிப் பிழிந்தார். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தது.

விவசாயிக்கு இதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை. பெய்யும் மழையை முதலில் உயரமான மரங்களின் தழைக்கூரை வாங்குகிறது, அடுத்து கீழ்மரங்கள், கடைசியாகச் சருகு. வேகம் அடங்கிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிறது. மழை நின்ற பிறகும் பல நாட்கள் ஓடையில் கசிந்து வருவது அந்தத் தண்ணீர்தான். காடு அழிந்த சரிவிலும் மழை பெய்யும். ஆனால் தண்ணீர் ஒரே மூச்சில் மண்ணையும் சுரண்டிக்கொண்டு வந்து அணையில் வண்டலாகத் தங்கும்.

மழையைக் கொண்டுவருவது கடல்காற்றுதான். ஆனால் மரங்கள் இலை வழியாக விடும் ஈரமும் மேகத்துக்குப் போகிறது. தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவத்தில் பெய்யும் மழையில் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் தரும் ஈரத்துக்குக் கணிசமான பங்கு உண்டு என்று மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்டார்கள். இந்த மலையின் நீராறு, சோலையாறு தண்ணீர்தான் சுரங்க வழியாகப் பரம்பிக்குளம் போய், தூணக்கடவு, சர்க்கார்பதி வழியாகச் சமவெளிக்கு இறங்குகிறது. பி.ஏ.பி. பாசனத்துக்கு அணை ஒரு தொட்டி என்றால், அதற்கு மேலே இருக்கும் பெரிய தொட்டி இந்தக் காடு.

காட்டோடு வாழ்கிறவர்கள்

திரும்பும்போது இளைஞரின் செல்போன் ஒலித்தது. அடுத்த டிவிஷனில் யானைக் கூட்டம் நிற்கிறது என்று தகவல். வேன் அரை மணி நேரம் காத்திருந்தது. யானை எங்கே நிற்கிறது என்று மக்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் ஏற்பாடு இங்கே 2011 முதல் நடக்கிறது. முக்கியமான இடங்களில் சிவப்பு எச்சரிக்கை விளக்குகளும் உண்டு. "இருட்டுல பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துக்கு நடக்கிறது எங்க அம்மா மாதிரி ஆளுங்க ஐயா. அவங்க உசுருக்குப் பாதுகாப்பு இருந்தாத்தான் காட்டைக் காப்பாத்துன்னு அவங்ககிட்ட பேச முடியும்" என்றார் அவர். காலையில் கேள்வி கேட்ட விவசாயி இதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

தோப்புக்குத் திரும்பியபோது

மறுநாள் காலை மனைவி கேட்டார்: "ஏனுங்க, குப்பையைக் கூட்டி வெச்சிருக்குது, தீ வெக்கலீங்களா?"

தோப்புத் தரை வாசல் மாதிரி இருக்க வேண்டும் என்பது அந்த வீட்டில் இருபது வருட வழக்கம். மட்டை, கோகோ இலை எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கூட்டிக் கொளுத்திவிடுவார்கள். அன்று அவர் தீ வைக்கவில்லை.

அவர் தோப்பில் ஊடுபயிராக நிற்கும் மூன்றுமே மழைக்காட்டுப் பிள்ளைகள். மிளகு நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்தது. ஜாதிக்காய் இந்தோனேசியாவின் பண்டா தீவுகளிலிருந்து வந்தது. கோகோவின் தாய்வீடு அமேசான் காடு. கோகோப் பூவில் மகரந்தம் சேர்ப்பது தேனீ அல்ல, கொசுவைவிடச் சிறிய ஒருவகை ஈ. அது முட்டையிட்டுப் பெருகுவது ஈரமான மக்கும் சருகில்தான். அந்தச் சருகைத்தான் இவர்கள் இருபது வருடமாகக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள்.

இப்போது கோகோ வரிசைகளுக்கிடையே சருகு அப்படியே கிடக்கிறது. வாழைத்தண்டைத் துண்டு போட்டு அங்கங்கே மக்க விடுகிறார். அந்த ஈ பெருக இதுவும் நல்ல இடம். எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடவும் இல்லை. கருங்காய் நோய் வந்த கோகோ காய்களைப் பறித்துத் தோப்பிலிருந்து அப்புறப்படுத்துகிறார். பட்டுப்போன தென்னை மரத்தையும் அடிக்கட்டையையும் விட்டு வைப்பதில்லை. இல்லாவிட்டால் அதில் காண்டாமிருக வண்டு பெருகும். எருக்குழியில் வண்டுப் புழுவைக் கட்டுப்படுத்த மெட்டாரைசியம் பூஞ்சை இடுகிறார்.

இந்த வருடம் பல மரங்களில் காய் நின்றிருக்கிறது. மழையும் நன்றாகப் பெய்ததால், சருகால்தான் என்று அவர் அடித்துச் சொல்வதில்லை. ஆனால் பாசனம் விட்ட நான்காம் நாளும் சருகுக்குக் கீழே ஈரம் இருக்கிறது என்பதைக் கையால் தொட்டுக் காட்டுகிறார். மகன் பொங்கலுக்கு வந்தபோது விற்பது பற்றிப் பேச்சு வரவில்லை.

வால்பாறைக்குச் சுற்றுலா போகும் உறவினர்களிடம், குரங்குக்குத் தின்பண்டம் போடாதீர்கள், பாட்டிலைக் காட்டில் எறியாதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறார். "அங்க போடுற குப்பை நம்ம குடிதண்ணியிலதான் விழும்" என்கிறார். தினமும் நாளிதழில் அணை மட்டத்தை இப்போதும் பார்க்கிறார். ஆனால் அதற்கு முன், சின்னக்கல்லாற்றில் எத்தனை மில்லிமீட்டர் மழை என்று பார்த்துவிடுகிறார்.