அடிக்கடி என்றால் எத்தனை தடவை?

தூரத்தில் வாழும் பிள்ளைகள் பெற்றோரை அடிக்கடி போய்ப் பார்க்கவோ நலம் விசாரிக்கவோ வேண்டும் என்று சீனாவில் 2013 ஜூலையிலிருந்து சட்டமே இருக்கிறது. அடிக்கடி என்றால் எத்தனை தடவை என்று அது சொல்லவில்லை. நம் நாட்டின் 2007 சட்டம் பெற்றோருக்கு மாதம் 10,000 ரூபாய்க்கு மிகாமல் ஜீவனாம்சம் என்கிறது. போய்ப் பார்ப்பது பற்றிப் பேச்சே இல்லை.

எனக்கு அந்த எண்ணை முடிவு செய்வது நெல்லை எக்ஸ்பிரஸ். 60 நாளுக்கு முன்னாடியே டிக்கெட் போடணும். தீபாவளி, பொங்கல், கோயில் கொடை என்று வருஷத்துக்கு மூணு தடவை. அம்மாவுக்கு 68 வயது. ஆச்சி மாதிரி எண்பது வரை இருந்தால் இன்னும் 36 தடவை. தடவைக்கு மூணு நாள் என்றால் 108 நாள். நாலு மாசம்கூட இல்லை.

அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். "விசேஷத்துக்கு வந்தா நான் அடுப்படியில கிடக்கேன், நீ கூட்டாளிகளோட சுத்துத. ஒண்ணுமில்லாத நாள்ல வாலே" என்றாள்.

ஆடியில் ஒரு புதன்கிழமை போனேன். மாத்திரை அட்டையில் நாலு நாள் மாத்திரை மிச்சமிருந்தது. துணியெல்லாம் முற்றத்தில் காய்ந்தது; மாடிப்படி ஏறுவதை அம்மா எப்போதோ நிறுத்தியிருந்தாள். போனில் தினமும் "நல்லாருக்கேன்" மட்டும்தான் வரும்.

எத்தனை தடவை என்பதற்கு இப்போதும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் வருஷத்தில் ஒன்றாவது காலண்டரில் சிவப்பு இல்லாத நாளாக இருக்கணும்.