இரவுத் தங்கல்

பயணம் செய்வோர் பலர். தங்குமிடத்தைத் தேர்ந்து பயணம் செய்வோர் சிலர். எந்த ஊரைக் காண்பது, எந்த வழியே செல்வது என்று நாட்கணக்கில் ஆராய்வோரும், எங்கே படுத்துறங்குவது என்பதை மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகின்றனர். புகைவண்டியில் செல்பவனுக்கு இதனால் பெருந்தீங்கு நேராது. அவன் உறங்கினாலும் வண்டி ஓடும். மோட்டார் சைக்கிளில் செல்பவன் நிலை வேறு. அவனுக்குக் கூரை இல்லை, சுவர் இல்லை. வெயிலும் மழையும் காற்றும் அவன் மேனியில் நேரே படுகின்றன. இரண்டு சக்கரங்களின்மேல் வண்டியை நிலைநிறுத்துவன அவனுடைய கையும் காலும் கண்ணும் கருத்துமே. அவை சோர்ந்தால் வண்டியும் சோரும். ஆதலின், ஓர் இரவு அவன் எங்கே தங்கினான், எவ்வாறு உறங்கினான் என்பதே மறுநாள் அவன் எவ்வாறு ஓட்டுவான் என்பதை முடிவு செய்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன், ஜூன் மாத இறுதியில், நானும் நண்பர் ஒருவரும் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைநாட்டில் ஒன்பது நாள் மோட்டார் சைக்கிளில் சுற்றிவந்தோம். ஜெர்மனியின் மியூனிக் நகரில் இரண்டு வண்டிகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டோம். ஆஸ்திரியா, இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் மலைவழிகளில் செல்வது எங்கள் திட்டம். அங்கு நாங்கள் கண்ட காட்சிகள் பல. ஆயினும், இங்கே நான் கூற விரும்புவது காட்சிகளைப் பற்றியன்று. இரவில் தங்கும் இடங்களை நாங்கள் தேர்ந்துகொண்ட முறையைப் பற்றியே.

முதலில் தொலைவைக் கருதவேண்டும். நிலப்படம் தொலைவைக் காட்டும், உழைப்பைக் காட்டாது. சமவெளியின் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்தில் 100 கிலோமீட்டர் எளிதிற் கடக்கலாம். மலைப்பாதையிலோ அதே நேரத்தில் 40 கிலோமீட்டர் கடந்தால் நன்று. ஆஸ்திரியாவின் மிக உயர்ந்த சிகரம் 3798 மீட்டர் உயரமுள்ள கிராஸ்குளாக்னர். அதன் பெயரால் அமைந்த மலைச்சாலை 1935ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் நீளம் 48 கிலோமீட்டரே. ஆனால், அதில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சாலை 2504 மீட்டர் உயரம் வரை ஏறி இறங்குகின்றது. குளிர்காலத்தில் பனியால் அது மூடப்படும். மற்றக் காலங்களிலும் இரவில் வாயிற்கதவுகள் அடைக்கப்படும். மியூனிக்கிலிருந்து புறப்பட்ட அன்றே அதனைக் கடந்துவிடலாம் என்றார் நண்பர். வலப்பக்கமாக ஓட்டும் வழக்கமே எங்களுக்குப் புதிது. முதல் நாள் அதற்குக் கை பழகட்டும் என்றேன் நான். அன்றிரவு மலையின் வடக்கு அடிவாரத்தில் உள்ள புருக் என்னும் சிற்றூரில் தங்கினோம். மறுநாள் விடியலில், பேருந்துகளும் கார்களும் வருமுன்னரே, அமைதியாக மலையேறினோம். மலையடியில் தங்கியவனுக்கே மலையின் காலைப்பொழுது கிடைக்கின்றது.

அடுத்துக் கருதவேண்டுவது இடத்தின் உயரம். மலையுச்சியிலும் விடுதிகள் உண்டு. அங்குத் தங்கினால் காட்சி இனிதாகும் என்பது உண்மையே. ஆனால், 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும். கோடையிலும் உயர்ந்த கணவாய்களில் பனி பெய்வதுண்டு. இரவில் நனைந்த சாலை விடியற்காலையில் உறைந்து வழுக்கும். பள்ளத்தாக்கில் உள்ள சிற்றூரிலோ பெட்ரோல் கிடைக்கும், உணவு கிடைக்கும், வண்டி பழுதுற்றால் திருத்துவோரும் கிடைப்பர். பெருநகரத்தில் இவை யாவும் மிகுதியாக உண்டு. ஆயினும், வண்டியை நிறுத்த இடம் தேடுவதற்கே ஒரு மணி நேரம் கழிந்துவிடும். ஆகவே, நகரத்தையும் உச்சியையும் விடுத்துச் சிற்றூர்களையே நாடினோம்.

வீட்டையும் பார்த்துத் தேரவேண்டும். அம்மலைநாட்டு ஊர்களில் 'ட்ஸிம்மர் ஃப்ரை' என்ற பலகை வீட்டு வாயில்களில் தொங்கும். 'அறை காலியாக உள்ளது' என்பது அதன் பொருள். அதைக் கண்டவுடன் நாங்கள் அறையின் அழகைக் கேட்பதில்லை. வண்டியை நிறுத்தக் கூரையுள்ள இடம் உண்டா, நனைந்த உடையையும் காலணியையும் உலர்த்த வசதி உண்டா, இரவு உணவு உண்டா என்னும் மூன்றையுமே கேட்போம். உணவைப் பற்றிய கேள்வி சிறியதன்று. அங்குள்ள உணவு விடுதிகள் வாரத்தில் ஒரு நாளோ இரு நாளோ 'ரூஹெடாக்', அதாவது ஓய்வு நாள், என்று அடைத்துவிடும். திறந்திருக்கும் நாளிலும் அடுப்பை விரைவில் அணைத்துவிடுவர். பசியோடு படுத்தவன் மறுநாள் வளைவுகளில் நிதானம் இழப்பான்.

மற்றொரு செய்தியையும் வழியில் கற்றோம். இத்தாலியின் வடகோடியில் உள்ள தென் டிரோல் பகுதி, முதல் உலகப் போர் முடியும் வரை ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. பின்னர், 1919ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் இத்தாலியைச் சேர்ந்தது. ஆதலின், அங்கு ஒவ்வோர் ஊருக்கும் ஜெர்மன் மொழியில் ஒரு பெயரும் இத்தாலிய மொழியில் ஒரு பெயரும் உண்டு. ஸ்டெர்ட்சிங் என்பதும் விப்பிட்டேனோ என்பதும் ஒரே ஊர். இரண்டையும் அறியாதவன் தங்கவேண்டிய ஊரிலேயே நின்றுகொண்டு, அவ்வூருக்கு வழி கேட்டுக்கொண்டிருப்பான்.

இனி, முன்னரே அறையைப் பதிவு செய்வதா, சென்ற இடத்தில் தேடுவதா என்பது ஒரு பெரிய கேள்வி. பதிவு செய்தால் மனம் அமைதியுறும் என்பது நண்பரின் கருத்து. பதிவு செய்தால் கால் கட்டுண்ணும் என்பது என் கருத்து. இருவர் கூற்றிலும் உண்மை இருந்தமையால், சில இரவுகளுக்கு மட்டும் பதிவு செய்தோம். அவ்வாறு பதிவு செய்த ஓர் இரவே எங்களைச் சோதித்தது.

அன்று மூன்றாம் நாள். ஸ்டெல்வியோ கணவாயைக் கடந்து போர்மியோ என்னும் ஊரில் தங்குவதாக ஏற்பாடு. அறைக்குப் பணமும் கட்டியிருந்தோம். ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சிக்காலத்தில், 1820க்கும் 1825க்கும் இடையே, கார்லோ தோனெகானி என்னும் பொறியாளர் அமைத்த சாலை அது. அதன் உச்சி 2757 மீட்டர். நாங்கள் ஏறவேண்டிய பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். பகலில் யவுஃபன் கணவாயில் பெய்த மழை எங்களைத் தாமதப்படுத்திவிட்டது. ஸ்டெல்வியோவின் அடிவாரத்தில் உள்ள பிராட் என்னும் ஊரை அடைந்தபோது மாலை ஆறு மணி. மழை விட்டிருந்தது. ஆனால், கணவாய்க்கு மேலே கருமேகம் திரண்டு நின்றது.

"இன்னும் 45 கிலோமீட்டர்தானே? ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். பணம் கட்டிய அறையை விட்டுவிட்டு இங்கே தங்குவதா?" என்றார் நண்பர்.

அவர் கணக்குத் தவறன்று. ஆயினும், என் கண்ணில் வேறொன்று பட்டது. வண்டியை நிறுத்தும்பொழுது அவர் ஸ்டாண்டை இருமுறை காலால் தள்ளியும் அது சரியாக விழவில்லை. மூன்றாம் முறையே விழுந்தது. கையுறையைக் கழற்ற முடியாமல் விரல்கள் விறைத்திருந்தன. அடிவாரத்தில் 14 பாகை வெப்பம். அங்கிருந்து 1800 மீட்டருக்கு மேல் ஏறவேண்டும். உச்சியில் இரண்டு பாகைதான் இருக்கும். ஈரக் கையுறையோடு 48 வளைவுகளிலும் பிரேக்கைப் பிடித்து விடவேண்டியவை அவ்விரல்களே. இதனை அவரிடம் கூறினேன். "என் கையை நான் அறிவேன்" என்று அவர் சினந்தார். "நீங்கள் போவதானால் நானும் உடன் வருவேன், தனியே விடமாட்டேன். ஆனால், தேநீர் அருந்தி, விரல் சூடேறிய பின் முடிவு செய்வோம்" என்றேன்.

அருகிலிருந்த விடுதியில் தேநீர் அருந்தினோம். கிண்ணத்தைப் பிடித்த நண்பரின் கை நடுங்கியது. அதனை அவரே சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, "இங்கே அறை இருக்கிறதா என்று கேளுங்கள்" என்றார். அறை இருந்தது. விடுதித் தலைவியார் எங்களுக்காகப் போர்மியோவுக்குத் தொலைபேசியில் பேசினார். கட்டிய பணம் திரும்பாது என்று விடை வந்தது. நண்பர் மறுமொழி கூறாமல் உண்டு, மறுமொழி கூறாமலே படுத்தார்.

நள்ளிரவில் இடி முழங்கிற்று. பொழுது விடிந்தபோது வானம் கழுவியதுபோல் இருந்தது. உலர்ந்த உடையோடு மலையேறினோம். வளைவுகள் சிலவற்றில் மழை அடித்துக் கொணர்ந்த கற்களைப் பணியாளர்கள் அகற்றிக்கொண்டிருந்தனர். உச்சியில் நின்று, 3905 மீட்டர் உயரமுள்ள ஆர்ட்லர் சிகரத்தின் வெண்பனியைக் கண்டோம். நண்பர் பணத்தைப் பற்றி மீண்டும் பேசவில்லை.

இரவே ஏறியிருந்தால் தீங்கு நேர்ந்திருக்கும் என்று நான் சாதிக்கமாட்டேன். நலமாகவே சென்று சேர்ந்திருக்கவும் கூடும். ஆனால், முடிவின் நன்மையை விளைவைக்கொண்டு அளத்தல் முறையன்று. முடிவு செய்த வேளையில் நாம் அறிந்தவற்றைக்கொண்டே அளத்தல் வேண்டும். கட்டிய பணம் எங்கே தங்கினாலும் போன பணமே. அது நம்மை மேலே இழுத்துச் செல்ல விடலாகாது.

சில நாள் கழித்துச் சுவிட்சர்லாந்தின் கிரேட் செயின்ட் பெர்னார்டு கணவாயை அடைந்தோம். அங்கே 2469 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய 1050ஆம் ஆண்டில், பெர்னார்டு என்னும் துறவி நிறுவிய அறவிடுதி இன்றும் வழிப்போக்கரை ஏற்று வருகின்றது. 1964ஆம் ஆண்டில் மலையைக் குடைந்து சுரங்கச்சாலை திறந்த பின், ஊர்திகளிற் பெரும்பாலானவை அவ்வழியே சென்றுவிடுகின்றன. பனிக்காலத்தில் நடந்தோ சறுக்கியோ வருவோருக்கு அவ்விடுதியே புகலிடம். அதன் தடித்த கற்சுவரைக் கண்டபோது எனக்கு ஓர் உண்மை விளங்கிற்று. முன்னோர் அவ்விடுதியைக் காட்சிக்காகக் கட்டவில்லை. நடந்து வருபவனின் வலிமை எங்கே முடியுமோ அங்கே கட்டினர்.

நடப்பவனின் வலிமைக்கு எல்லை கண்டு பிறர் விடுதி அமைத்தனர். விரைந்தோடும் வண்டியில் செல்பவன் தன் எல்லையைத் தானே கண்டு நிற்கவேண்டும். வண்டியின் வலிமை முடியும் வரை ஓட்டுபவன் வீரன் அல்லன். தன் வலிமை முடிவதற்குச் சிறிது முன்னரே நிறுத்தத் தெரிந்தவனே நல்ல பயணி.